சொந்தப் படமும் தொழில் விளம்பரமும் ஒரே கணக்கில்: எப்படிப் பிரிப்பது?

பின்னல்ஊசி

வணக்கம். கையால் பின்னிய பைகளும் பொம்மைகளும் செய்து விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் இருப்பது ஒரே கணக்கு, ப்ரைவேட். குழந்தையின் பிறந்தநாள் படமும் அதில்தான், புதுப் பையின் படமும் அதில்தான். ஃபேஸ்புக்கில் சொந்த ப்ரொஃபைல், வாட்ஸ்அப்பில் ஒரே நம்பர். வாங்குபவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள், அவர்கள் சொல்லி வருகிறவர்கள்.

இனி தெரியாதவர்களிடமும் கொண்டுபோக வேண்டும். இருக்கிற கணக்கையே பிசினஸ் கணக்காக மாற்றுவதா, புதிதாகத் தொடங்குவதா? புதிதாகத் தொடங்கினால் இப்போது இருக்கும் ஃபாலோயர்களை இழந்துவிடுவேனோ என்று தயக்கம். சொந்த விஷயங்களைப் பகிர்வதை நிறுத்தவும் மனமில்லை. தூரத்தில் இருக்கும் உறவினர்கள் அதைத்தான் எதிர்பார்த்துப் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எல்லோரையும் ஒரு குரூப்பில் சேர்த்து விளம்பரம் போடலாமா? காசு கொடுத்துப் பதிவை இன்னும் பலருக்குக் காட்டும் பூஸ்ட் பட்டனை அழுத்தினால் பலன் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

செவ்வந்தி

புதுக் கணக்கே தொடங்குங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்கோ கிரியேட்டர் கணக்கோ ப்ரைவேட்டாக இருக்க முடியாது. மாற்றிய உடனே பழைய படங்கள் அத்தனையும் பப்ளிக் ஆகிவிடும். காத்திருக்கும் ஃபாலோ ரிக்வெஸ்ட்டுகளும் தானாகவே ஏற்கப்பட்டுவிடும். அதாவது, நீங்கள் வேண்டுமென்றே ஏற்காமல் வைத்திருக்கும் ஆளும் உள்ளே வந்துவிடுவார். மாற்றுவதற்கு முன் குடும்பப் படங்களை எல்லாம் ஆர்க்கைவ் செய்யலாம்தான். ஆர்க்கைவ் செய்தால் படம் அழியாது, லைக்கும் கமெண்டும் அப்படியே இருக்கும், உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஆனால் உறவினர்கள் பார்க்க வேண்டும் என்பதுதானே உங்கள் ஆசை. ஆர்க்கைவில் போட்டுவிட்டால் அவர்களும் பார்க்க முடியாது.

ஃபாலோயர் கவலையை விடுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பை வாங்கும் எண்ணமே இருக்காது. அவர்களை அப்படியே தொழில் கணக்குக்குக் கொண்டுவந்தால், பதிவைப் பார்த்தும் தொடாமல் நகர்ந்துவிடுவார்கள். முதலில் பார்க்கும் ஆட்கள் நின்று பார்க்கிறார்களா, சேமிக்கிறார்களா, பகிர்கிறார்களா என்பதை வைத்துத்தான் அதை மேற்கொண்டு யாருக்குக் காட்டுவது என்று தளம் தீர்மானிக்கிறது. ஆர்வமில்லாத ஆயிரம் பேரைவிட ஆர்வமுள்ள நூறு பேர் மேல் என்பதற்கு இதுதான் காரணம். காசுக்கு ஃபாலோயர் வாங்கிக் கணக்கைக் கெடுத்துக்கொள்பவர்களுக்கும் நடப்பது இதே.

தொடங்கும் முறை: தொழிலுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று உருவாக்குங்கள். அதைக் கொண்டு புதுக் கணக்கு. பிறகு செட்டிங்ஸ், அக்கவுண்ட் டைப் அண்ட் டூல்ஸ், ஸ்விட்ச் டு ப்ரொஃபெஷனல் அக்கவுண்ட், பிசினஸ். ஒரே செயலியில் 5 கணக்குகள் வரை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் லாக் அவுட் செய்ய வேண்டியதில்லை. பயோவுக்கு 150 எழுத்துதான் இடம். அதில் கவிதை எழுத வேண்டாம். என்ன செய்கிறீர்கள், எங்கெல்லாம் அனுப்புவீர்கள், ஆர்டர் எப்படிக் கொடுப்பது, இந்த மூன்றும் இருந்தால் போதும்.

புதுக் கணக்கில் காண்டாக்ட்ஸ் சிங்க் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அனுமதித்தால் உங்கள் போனில் இருக்கும் பழைய வீட்டு உரிமையாளர் வரை எல்லோருக்கும் பரிந்துரையாகப் போகும், எதிர்த்திசையிலும் வரும். அதேபோல, செட்டிங்ஸில் கணக்குகளை ஒன்றாக நிர்வகிக்கும் அக்கவுண்ட்ஸ் சென்டரில் இரண்டு கணக்கையும் இணைத்திருந்தால் ஸ்டோரியைத் தானாகப் பகிரும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சொந்த ஸ்டோரியாகப் போட்ட மருத்துவமனைப் படம் கடைப் பக்கத்திலும் வந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். பதிவிடும் முன் மேலே இருக்கும் ப்ரொஃபைல் படத்தை ஒரு தடவை பார்க்கும் பழக்கம் வேண்டும். அதற்காகவே இரண்டு கணக்குக்கும் சட்டென்று வேறுபடும் நிறத்தில் படம் வையுங்கள்.

ஃபேஸ்புக்கில் இரண்டாவது ப்ரொஃபைல் திறக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு சொந்தக் கணக்குதான் என்பது அவர்கள் விதி. தொழிலுக்கு, கடையின் பெயரில் திறக்கும் பொதுப் பக்கமான பேஜ்தான். ப்ரொஃபைலில் 5,000 நண்பர்களோடு வாசல் அடைத்துவிடும், பேஜுக்கு அந்த எல்லை கிடையாது. ஆனால் ஒன்று, பேஜ் உங்கள் சொந்த ப்ரொஃபைல் வழியாகத்தான் இயங்கும். ப்ரொஃபைல் முடங்கினாலோ திருடு போனாலோ பேஜும் கையை விட்டுப் போகும். அதனால் நம்பிக்கையான இன்னொருவருக்கு முழுக் கட்டுப்பாடு கொடுத்து வையுங்கள். கமெண்டுக்குப் பதில் சொல்ல மட்டும் உதவும் ஆளுக்கு முழுக் கட்டுப்பாடு தேவையில்லை. வேலை அளவுக்கான அனுமதி போதும்.

சொந்த ப்ரொஃபைலில் பழைய பதிவுகள் பப்ளிக்காகக் கிடக்கும். பிரைவசி செட்டிங்ஸில் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. ஒரே தட்டலில் பழைய பப்ளிக் பதிவுகள் எல்லாம் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். மாற்றிய பிறகு 'வியூ ஆஸ்' போட்டு, வெளியாள் பார்த்தால் என்ன தெரிகிறது என்று சரிபாருங்கள். பேஜைப் பார்த்து ஆர்டர் கொடுக்கிறவர் உங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கன்

வாட்ஸ்அப் பற்றி மட்டும் நான் சொல்றேன்.

குரூப் வேண்டவே வேண்டாங்க. குரூப்புல சேர்த்தா எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். உங்களை நம்பி நம்பர் கொடுத்தவங்க அதுக்குச் சம்மதிக்கலை. ஒருத்தர் 'விலை என்ன'ன்னு கேட்டா இருநூறு போன் அலறும். ரெண்டு நாள்ல முக்காவாசி பேர் மியூட், மிச்சப் பேர் வெளியேறிடுவாங்க. சிலர் வெளியேறும்போது ரிப்போர்ட் அடிச்சிட்டும் போவாங்க. ரிப்போர்ட் சேர்ந்தா நம்பரையே தடை பண்ணிடுவாங்க, அப்போ அத்தனை வாடிக்கையாளர் உரையாடலும் போச்சு.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் தனியா இருக்கு, இலவசம். ஒரே நம்பர் ரெண்டு ஆப்லயும் ஓடாது. சொந்த நம்பரையே பிசினஸுக்கு மாத்தினா பழைய சாட் எல்லாம் கூடவே வரும், ஆனா பெரியம்மாவுக்கும் கடை ப்ரொஃபைல்தான் தெரியும். ரெண்டாவது நம்பர் வாங்குங்க. ஒரே போன்ல ரெண்டு ஆப்பும் ஒண்ணா இருக்கும். அந்த சிம்மை மட்டும் உயிரோட வச்சுக்கங்க. ரீசார்ஜ் பண்ணாம விட்டா நம்பர் வேற ஆளுக்குப் போயிடும். அந்த ஆள் ஓடிபி போட்டா உங்க கடைக் கணக்கு அவருடையது.

உள்ள என்னென்ன செட் பண்ணணும்னா, முதல்ல கேட்லாக், அதாவது பொருள் பட்டியல். 500 பொருள் வரைக்கும் போடலாம். ஒவ்வொண்ணுக்கும் பெயர், விலை, அளவு, ஒரு குறியீட்டு எண். இந்தக் குறியீட்டு எண்ணை யாரும் போடறதில்லை, அதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். 'அந்த நீலப் பை' எதுன்னு பத்து மெசேஜ் போகும். 'ப 12'ன்னு போட்டுட்டா தீர்ந்துச்சு. அதே எண்ணை இன்ஸ்டாகிராம் பதிவுலயும் போடுங்க.

அடுத்து க்விக் ரிப்ளை. திரும்பத் திரும்ப வர்ற கேள்விக்குப் பதில் எழுதி வச்சுக்கிட்டா, சாய்கோடு போட்டு ஒரு சொல் அடிச்சதும் முழுப் பதிலும் வரும். விலை, அனுப்பும் நாள், துவைக்கிற முறை, மாத்தித் தர்ற விதி, இந்த நாலும் முதல்ல. ஒவ்வொரு சாட்டுக்கும் போடற அடையாளம்தான் லேபிள், அதை வெறும் அலங்காரமா விடாதீங்க: புது விசாரணை, பணம் வரணும், பின்னிட்டிருக்கு, அனுப்பியாச்சு. கையால செய்யற பொருளுக்கு நாள் பிடிக்கும், யாருக்கு என்ன பாக்கின்னு லேபிளைப் பார்த்தாத்தான் தெரியும்.

கிரீட்டிங் மெசேஜ் முதல் தடவை எழுதறவங்களுக்கும், 14 நாள் பேச்சே இல்லாம திரும்ப வர்றவங்களுக்கும் தானா போகும். அதை 'எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி'ன்னு வீணாக்காம, 'பொருளின் எண்ணும் எந்த ஊருக்கு அனுப்பணும்னும் எழுதுங்க, மாலைக்குள் பதில் வரும்'னு வைங்க. நீங்க இல்லாத நேரம் தானா போற அவே மெசேஜ் ராத்திரிக்கு. ராத்திரி பதினொண்ணுக்கு நீங்களே பதில் சொல்லிப் பழக்கினீங்கன்னா அப்புறம் எல்லாரும் பதினொண்ணுக்குத்தான் கேப்பாங்க.

விளம்பரம் அனுப்ப பிராட்காஸ்ட் லிஸ்ட். ஒரே மெசேஜ் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போகும். ஒரு லிஸ்ட்ல 256 பேர். இதுல முக்கியமான விஷயம், உங்க நம்பரை அவங்க போன்ல சேமிச்சிருந்தாத்தான் மெசேஜ் போய்ச் சேரும். 'அனுப்பினேன், யாருமே பார்க்கலை'ன்னு சொல்றவங்க சிக்கல் பெரும்பாலும் இதுதான். அதனால பார்சலுக்குள்ள வைக்கிற சீட்டுலயே 'புது வரவு தெரிய இந்த நம்பரைச் சேமிச்சு, வேணும்னு ஒரு சொல் அனுப்புங்க'ன்னு அச்சடிங்க. அப்படி அனுப்பினவங்களை மட்டும் லிஸ்ட்ல சேருங்க. ஸ்டேட்டஸும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் நம்பர் சேமிச்சிருக்கணும்.

பெரிய எண்ணிக்கைக்குப் போகும்போது வாட்ஸ்அப் சேனல் பாருங்க. அதுல பின்தொடர்றவங்க நம்பர் மத்தவங்களுக்குத் தெரியாது. ஆனா பதில் பேச்சு அங்க நடக்காது, அறிவிப்புப் பலகை மாதிரிதான்.

பின்னல்ஊசி

இருவருக்கும் நன்றி. குரூப் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். சரி, புதுக் கணக்கு திறந்தால் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பம். முதலில் என்ன போடுவது? என் படங்களில் சிவப்பு நூல் எல்லாம் ஒரே திட்டாகத் தெரிகிறது, பின்னலே தெரிவதில்லை. ரீல்ஸுக்கு ட்ரெண்டிங் பாட்டு போட்டால்தான் போகும் என்கிறார்கள், அதுவும் உண்மையா?

ஒளிப்படக்காரர்

சிவப்பிலிருந்து தொடங்குகிறேன். போன் கேமரா அடர்சிவப்பைப் பதிவு செய்யும்போது அந்த நிறத் தடம் மட்டும் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். அதற்குமேல் இருக்கும் நிழல், மேடு பள்ளம் எதுவும் பதியாது. படம் எடுக்கும்போது பொருளைத் தொட்டு ஃபோகஸ் பூட்டி, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இழுங்கள். படம் சற்று இருட்டாகத் தெரிந்தாலும் பின்னல் கண் கண்ணாக வரும். பிறகு மற்ற நிறங்களை ஏற்றிக்கொள்ளலாம். ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து. முன்பக்கத்திலிருந்து அடிக்கும் ஃபிளாஷ் இழைகளின் நிழலை அழித்துவிடும். வீட்டு பல்பும் ஜன்னல் வெளிச்சமும் கலக்க வேண்டாம், ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம் என்று பிரிந்து நிற்கும். படத்தில் ஒரு நிறம், கையில் வேறு நிறம் என்பதுதான் இந்த வகைப் பொருள் திரும்பி வருவதற்கு ஒரு முக்கியக் காரணம். ஃபில்டர் எதையும் பொருளின் மேல் போடாதீர்கள்.

அளவு: ஃபீடுக்கு 1080க்கு 1350 பிக்சல். ரீல்ஸும் ஸ்டோரியும் 1080க்கு 1920. ப்ரொஃபைல் கட்டங்கள் 2025 தொடக்கத்தில் சதுரத்திலிருந்து 3க்கு 4 விகிதத்துக்கு மாறிவிட்டன, பழைய வழிகாட்டிகளை நம்பிச் சதுரமாக வெட்டாதீர்கள். ரீல்ஸில் அடிப்பக்கத்தைத் தலைப்பும் வலப்பக்கத்தைப் பட்டன்களும் மறைக்கும். விலை, எண் போன்ற எழுத்துகளை நடுவில் வையுங்கள்.

கணக்கைப் பற்றி யாரிடமும் சொல்வதற்கு முன் ஒன்பது பதிவுகள் போட்டுவிடுங்கள். வந்து பார்க்கிறவர் திரையை ஒரு முறை தள்ளுவதற்குள் 'இங்கே என்ன கிடைக்கும்' என்று தெரிய வேண்டும். காலிக் கணக்கை யாரும் பின்தொடர மாட்டார்கள். அதன்பிறகு சொந்தக் கணக்கின் ஸ்டோரியில் புதுக் கணக்கை மென்ஷன் செய்து ஒரே ஒரு முறை சொல்லுங்கள். விருப்பமுள்ளவர்கள் வருவார்கள்.

ஒரு பைக்கு ஐந்து படம் போதும். முதல் படம் முழுப் பை, வெற்றுப் பின்னணி. இரண்டாவது, கையில் பிடித்தபடி. அளவு தெரிய இதைவிட நல்ல வழி இல்லை. மூன்றாவது, கைப்பிடி பையோடு சேரும் இடம், மிக அருகில். பை வாங்கத் தெரிந்தவர் முதலில் பார்ப்பது அந்த இணைப்பைத்தான், பாரம் தாங்குமா என்பது அங்கேதான் தெரியும். நான்காவது, உள் துணி, அதன் தையல். ஐந்தாவது, உள்ளே என்னென்ன வைக்கலாம் என்று ஒரு புத்தகமோ தண்ணீர் பாட்டிலோ பாதி வெளியே தெரிகிற மாதிரி.

எழுதும்போது, 'மேலும்' என்று மறைவதற்கு முன் ஓரிரு வரிதான் தெரியும். அதில் பொருளின் பெயரும் எண்ணும் இருக்கட்டும். கீழே அகலம், உயரம், நூல் வகை, துவைக்கும் முறை, அனுப்ப எத்தனை நாள், விலை. விலையைக் கட்டாயம் எழுதுங்கள். 'விலைக்கு இன்பாக்ஸில் வாருங்கள்' என்பது வாங்க நினைப்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலை. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தான் அதிகம். பதிவின் எழுத்தில் லிங்க் போட்டால் தட்ட முடியாது. பயோவில் 5 லிங்க் வரை வைக்கலாம், ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் இருக்கிறது. ஹேஷ்டேக் மூன்று நான்கு, பொருளை நேரடியாகச் சொல்வதாக இருந்தால் போதும். பொதுவான ஹேஷ்டேகுகளை வாரிக் கொட்டினால் வருவது ரோபோ கமெண்டுகள்தான்.

பாட்டு விஷயத்தில் எச்சரிக்கை. பிசினஸ் கணக்குக்கு வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் உள்ள இசைத் தொகுப்புதான் கிடைக்கும், பிரபலப் பாடல் பல இருக்காது. சிலர் பாட்டுக்காகவே கிரியேட்டர் கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். பட்டனில் பாட்டு தெரிவது வேறு, அதைப் போட்டுப் பொருள் விற்க உரிமை இருப்பது வேறு. உரிமைதாரர் கேட்டால் ஒலி நிறுத்தப்படும், வீடியோவே நீக்கப்படலாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரீல் அப்படி ஊமையானால் மிகவும் வலிக்கும். உங்கள் தொழிலுக்குப் பாட்டே தேவையில்லை. ஊசி நூலை இழுக்கும் ஓசை, கத்தரி வெட்டும் ஓசை, அதோடு நீங்கள் பேசுவது போதும். முதல் மூன்று நொடியில் முடிந்த பையைக் காட்டிவிட்டு, பிறகு அது உருவாகும் விதத்தைக் காட்டுங்கள். வேறு செயலியின் முத்திரை விழுந்த வீடியோவைக் கொண்டுவந்து போடாதீர்கள், அப்படிப்பட்டவற்றை இன்ஸ்டாகிராம் பரிந்துரைப்பதில்லை. திரையில் எழுத்தும் போடுங்கள், ஒலியில்லாமல் பார்ப்பவர்கள் ஏராளம்.

வாரத்துக்கு மூன்று பதிவு என்றால் மூன்றையும் விடாமல் போடுங்கள். ஒரு நாளில் பத்துப் போட்டு ஒரு மாதம் காணாமல் போவது எந்த வகையிலும் உதவாது.

விளம்பரப்பிரிவு

பூஸ்ட் கேள்விக்கு: இப்போது வேண்டாம். முதலில் காசில்லாமல் எந்தப் பதிவு அதிகம் சேவ் ஆகிறது, எதைப் பார்த்து விலை கேட்கிறார்கள் என்று பாருங்கள். சேவ் எண்ணிக்கை, பதிவின் புள்ளிவிவரம் காட்டும் இன்சைட்ஸில் இருக்கும். தானாக ஓடிய பதிவுக்குக் காசு போட்டால்தான் காசு வேலை செய்யும். ஓடாத பதிவைக் காசு தூக்கி நிறுத்தாது.

பூஸ்ட் என்பது சுருக்கு வழி, தேர்வுகள் குறைவு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களுக்கான ஆட்ஸ் மேனேஜர் என்ற கருவியில் அதே விளம்பரத்தை இன்னும் கட்டுப்பாடாகப் போடலாம். இரண்டிலும் ஒரு விதி பொது: எதைக் கேட்கிறீர்களோ அதைத்தான் தளம் கொண்டுவரும். நோக்கம் 'என்கேஜ்மென்ட்' என்று மட்டும் கொடுத்தால் எதைப் பார்த்தாலும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும். லைக் ஐநூறு வரும், ஆர்டர் வராது. உங்களைப் போன்ற தொழிலுக்கு, விளம்பரத்தைத் தட்டினால் வாட்ஸ்அப்போ இன்பாக்ஸோ திறக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

தொடக்கத்தில் தளம் யாருக்குக் காட்டினால் பலன் வருகிறது என்று கற்றுக்கொள்ளும் கட்டம் ஒன்று உண்டு. ஒரு ஆட் செட்டுக்கு (ஒரே ஆள்தேர்வும் பட்ஜெட்டும் கொண்ட விளம்பரத் தொகுப்பு) ஒரு வாரத்தில் சுமார் 50 பலன்கள் (இங்கே பலன் என்றால் மெசேஜ்) கிடைத்தால் அது முடியும். சின்ன பட்ஜெட்டை ஐந்து ஆட் செட்டாகப் பிரித்தால் எதுவும் அந்த எண்ணைத் தொடாது. ஒரே ஆட் செட், உள்ளே இரண்டு மூன்று படம், அவ்வளவுதான். நடுவில் ஆள்தேர்வையோ படத்தையோ மாற்றினால் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டாவது நாளே பதறிப்போய் மாற்றுவதுதான் பணம் கரைவதற்கு வழி. ஒரு வாரம் கை வைக்காதீர்கள். முடியும் தேதியையும் மொத்தச் செலவு வரம்பையும் முதலிலேயே போடுங்கள், மறந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். ஐஃபோன் வைத்திருந்தால் செயலிக்குள்ளிருந்து பூஸ்ட் செய்யாதீர்கள். ஆப்பிளின் 30 சதவீதக் கட்டணம் மேலே விழும். பிரவுசரில் போய்ச் செய்தால் அது இல்லை.

கணக்குப் பார்ப்பது எளிது. ஒரு பையில் நூல், துணி, பார்சல், உங்கள் உழைப்புக் கூலி எல்லாம் போக மிஞ்சுவது 100 என்று வையுங்கள். விளம்பரத்துக்கு 1,000 செலவாகி 8 பை விற்றால் ஒரு பைக்கு விளம்பரம் 125. நஷ்டம். 20 பை விற்றால் 50, சரி. ஒரு முறை வாங்கியவர் திரும்ப வாங்குவாரென்றால் முதல் விற்பனையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் அது எத்தனை பேர் என்று லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு. உழைப்புக் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

எங்கிருந்து வந்தார் என்று தெரிய, விளம்பரத்திலிருந்து திறக்கும் மெசேஜில் முன்கூட்டியே எழுதிவைத்த வரியை மாற்றி வையுங்கள். 'ப 12 பற்றி விளம்பரத்தில் பார்த்தேன்' என்று அவரே அனுப்புவது போல வரும். எண்ணிப் பார்த்தால் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

பூட்டுச்சாவி

ஒருவரும் பாதுகாப்பைப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். பார்ப்பவர் கூடக்கூட இது வரும்.

பிசினஸ் கணக்கு தொடங்கிய சில நாளிலேயே 'உங்கள் பதிவு காப்புரிமையை மீறுகிறது, 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும், முறையிட இங்கே தட்டவும்' என்று இன்பாக்ஸில் செய்தி வரும். லோகோவெல்லாம் கச்சிதமாக இருக்கும். தட்டிப் பாஸ்வேர்டு கொடுத்தால் கணக்கு போய்விடும். உண்மையான அறிவிப்பு இன்பாக்ஸில் வராது. மின்னஞ்சலில் வந்தால், செயலிக்குள் அக்கவுண்ட்ஸ் சென்டர், பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டி, ரீசன்ட் ஈமெயில்ஸ் போய்ப் பாருங்கள். அவர்கள் அனுப்பியதெல்லாம் அங்கே பட்டியலாக இருக்கும். இல்லாதது போலி.

பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணும் கேட்கும் டூ ஃபேக்டரை ஆன் செய்யுங்கள், எஸ்எம்எஸ் வழியாக அல்ல, அந்த எண்ணைப் போனிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி வழியாக. போன் தொலைந்தால் உள்ளே போக பேக்கப் கோடுகள் தருவார்கள், அவற்றைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். அதே போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்தால் போனோடு அதுவும் போகும். வாட்ஸ்அப்பில் 6 இலக்க ரகசிய எண் (PIN) போட்டுவிடுங்கள். 'தவறுதலாக உங்களுக்கு ஒரு எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்' என்று தெரிந்தவர் நம்பரிலிருந்தே கேட்டாலும் அனுப்பாதீர்கள். அவர் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும்.

பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதைப் பார்க்காதீர்கள், உங்கள் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது பகிர்வதில். பார்சல் கட்டும் ரீல் எல்லோரும் போடுகிறார்கள், நன்றாகவும் ஓடும். அதில் முகவரிச் சீட்டு ஒரு நொடி தெரிந்தாலும் நிறுத்திப் படிக்கலாம்: பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி. சீட்டு ஒட்டுவதற்கு முன்பே வீடியோவை முடித்துவிடுங்கள். வாடிக்கையாளர் பாராட்டிய சாட்டை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடும்போது பெயரை ஹைலைட்டர் பேனாவால் அடிக்கிறார்கள். அது அரைகுறையாக ஒளி ஊடுருவும், வெளிச்சத்தை ஏற்றினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். முழுக் கறுப்புக் கட்டத்தால் மூடுங்கள், அல்லது அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். தரம் குறையாமல் இருக்கட்டும் என்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் இடமும் சேர்ந்தே போகும். வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிடுவது நல்லது.

பின்னல்ஊசி

பார்சல் சீட்டு பற்றி யோசித்ததே இல்லை, நன்றி. கடைசியாக ஒன்று. செய்பவரின் முகம் தெரிந்தால்தான் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும் என்கிறார்கள். குழந்தை பொம்மையோடு விளையாடும் படத்தைத் தொழில் கணக்கில் போடலாமா? வாங்கியவர்கள் அனுப்பும் படங்களையும் போடலாமா? யாராவது குறை சொல்லிக் கமெண்ட் போட்டால் அழிக்கலாமா?

செவ்வந்தி

உங்கள் முகம் வரட்டும். கை, வேலை மேசை, நூல் அடுக்கு எல்லாம் வரட்டும். குழந்தையின் முகம் வேண்டாம். பப்ளிக் கணக்கின் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து வேறிடத்தில் போடலாம், போடுகிறார்கள். பொம்மையை அணைத்திருக்கும் கைகள், அல்லது பின்பக்கத்திலிருந்து எடுத்த படம், அளவும் பயனும் தெரிய அதுவே போதும். பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், வண்டி எண் பின்னணியில் இல்லாமல் பாருங்கள். முழுப் படத்தை ப்ரைவேட் கணக்கில் உறவினர்களுக்குப் போடுங்கள். இன்னும் குறுக்க வேண்டுமானால் ஸ்டோரியில் நீங்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் காட்டும் க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் இருக்கிறது. பயணப் படங்களையும் அங்கேயே, வீடு திரும்பிய பிறகு.

வாங்கியவர் படத்துக்கு மூன்று அனுமதி தனித்தனியாகக் கேளுங்கள்: பக்கத்தில் போடலாமா, பெயர் போடலாமா, காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்தில் பயன்படுத்தலாமா. முதலாவதற்குச் சரி என்றவர் மூன்றாவதற்குச் சரி சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிலை எழுத்தில் வாங்கி, அந்த சாட்டை அழிக்காமல் வையுங்கள். இலவசமாகப் பொருள் கொடுத்து யாரையாவது பதிவிடச் சொன்னால் 'பெய்டு பார்ட்னர்ஷிப்' அடையாளத்தோடு போடச் சொல்லுங்கள்.

குறைக் கமெண்டை அழிக்காதீர்கள். அழித்தால் அவர் ஸ்கிரீன்ஷாட்டோடு வேறிடத்தில் எழுதுவார், அங்கே உங்கள் பதில் இருக்காது. பொதுவில் ஒரே ஒரு பதில்: 'கைப்பிடி பிரிந்தது எங்கள் தவறு. உங்கள் ஆர்டர் எண்ணோடு இன்பாக்ஸில் எழுதியிருக்கிறோம், மாற்றித் தருகிறோம்.' பிறகு பேச்செல்லாம் இன்பாக்ஸில். தீர்ந்த பிறகு அதே கமெண்டின் கீழ் தீர்ந்ததைக் குறிப்பிடுங்கள். வசவும் மோசடி லிங்க்கும் வேறு வகை. அவற்றுக்குச் செட்டிங்ஸில் 'ஹிட்டன் வேர்ட்ஸ்' பகுதியில் சொற்களைச் சேர்த்துவிட்டால் தானாக மறையும். தமிழில் எழுதும் வசவுக்குத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழாக அடிப்பதையும் நீங்களே சேர்க்க வேண்டும்.

கணக்கன்

ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கறேன். பிசினஸ் நம்பர் வாங்கினதும் பழைய வாடிக்கையாளர்களுக்குச் சொந்த நம்பர்லருந்து ஒரு தடவை சொல்லிடுங்க, 'இனி ஆர்டர் இந்த நம்பர்ல'ன்னு. அதுக்கப்புறம் சொந்த நம்பருக்கு ஆர்டர் வந்தா அங்க பதில் சொல்லாதீங்க, புது நம்பர்லருந்து பதில் சொல்லுங்க. ரெண்டு இடத்துலயும் சொல்லிட்டிருந்தா யாரும் மாற மாட்டாங்க, ஒரு ஆர்டர் எந்த சாட்டுல இருக்குன்னு தேடறதுலயே நேரம் போகும்.

பின்னல்ஊசி

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் தனி மின்னஞ்சல், இரண்டாவது நம்பர், ப்ரொஃபைலில் பழைய பதிவுகளை அடைப்பது. பொருட்களுக்கு எண் போட்டுக் கேட்லாக் ஏற்றிய பிறகு இன்ஸ்டாகிராம். சிவப்புப் பையை ஜன்னல் ஓரத்தில் வெளிச்சம் குறைத்து எடுத்துப் பார்த்தேன், பின்னல் தெரிகிறது.